முப்பத்தெட்டுப் படகுகள்: நாகை மாவட்டத்து மீனவ ஊர் ஒன்றில் சுனாமி நிவாரணம், 2005–2010

இந்தப் பதிவு

2005-ல் நான் உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றில் களப்பணி ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். ஒரு மீனவ ஊரில் வாழ்வாதாரத் திட்டம் என் பொறுப்பில் இருந்தது. 60 படகுகள் கொடுப்பதாக ஆரம்பித்து, 38-ல் நிறுத்தினோம். ஏன் கொடுத்தோம், ஏன் நிறுத்தினோம், நிறுத்தியதால் என்ன ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊர், எங்கள் நிறுவனம், பணம் கொடுத்த ஐரோப்பிய அமைப்பு, ஆட்கள் எதற்கும் பெயர் போடவில்லை. ஊர்க் கணக்குகள் அன்று நாங்கள் வைத்திருந்த பதிவேட்டில் உள்ளவை.

பின்னணி

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே கடலடி நிலநடுக்கத்தில் கிளம்பிய அலை நாகைக் கரையில் ஏறியபோது ஆண்கள் பலர் கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் ஏலத்துக்குக் காத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டு இழப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த ஒரு மாவட்டத்துடையது.

நான் சொல்லும் ஊர் நாகைக்குத் தெற்கே. 310 குடும்பங்கள். அலைக்கு முன் 64 கட்டுமரங்களும் 22 ஃபைபர் படகுகளும் இருந்தன. அந்தக் கரையில் கட்டுமரத்தை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'மரம்'தான். ஒரு மரத்தில் இரண்டு பேர், சில நேரம் மூன்று பேர். ஃபைபருக்கு நான்கு பேர் வேண்டும். கடலுக்குப் போகிற ஆண்கள் சுமார் 270 பேர். இது போக மேற்கே, சாலைக்கு அந்தப் பக்கம், 40 தலித் குடும்பங்கள். ஐஸ் உடைப்பது, மீன் ஏற்றுவது, வயல் கூலி என்று பிழைத்தவர்கள். எந்தப் பட்டியலிலும் அவர்கள் 'மீனவர்' இல்லை.

உலகம் முழுவதும் டிவியில் அலையைப் பார்த்தது. அது கிறிஸ்துமஸ் மறுநாள். பணம் எப்படிக் கொட்டியது என்றால், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே 'சுனாமிக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, இனி இதற்கென்று அனுப்பாதீர்கள்' என்று அறிவித்தது. அப்படி வெளிப்படையாகச் சொன்னவர்கள் மிகக் குறைவு. பாதிக்கப்பட்ட எல்லா நாடுகளுக்கும் சேர்த்து வந்த உதவி 1,350 கோடி டாலர் என்று, நிவாரணத்தை மதிப்பிட்ட சர்வதேசக் கூட்டமைப்பு 2006-ல் கணக்கிட்டது. பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டாலருக்கு மேல். அதே அறிக்கை 2004 வங்கதேச வெள்ளத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டியது: அங்கே தலைக்கு 3 டாலர்.

எங்களுக்கு அந்த இரண்டு எண்களும் அப்போது தெரியாது. பணம் இருக்கிறது, சீக்கிரம் செலவழிக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

முதல் ஆறு வாரம்

ஜனவரி முழுக்க நிவாரணம்தான். லாரி லாரியாகப் பழைய துணி வந்து சாலையோரத்தில் மலையாகக் கிடந்தது. ஊர்ப் பெண்கள் அதைத் தொடவில்லை. அவர்கள் பிச்சைக்காரர்கள் இல்லையே, நேற்றுவரை ஏலத்தில் பேரம் பேசியவர்கள். கடைசியில் நகராட்சி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. தற்காலிகக் குடியிருப்புகளைத் தார் ஷீட்டில் போட்டார்கள். பிப்ரவரி வெயிலிலேயே உள்ளே உட்கார முடியவில்லை.

மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் நடத்தின. எந்த ஊரில் யார் வேலை செய்கிறார்கள் என்பதை அங்கே பதிய வேண்டும். நல்ல ஏற்பாடு. வீடு கட்டுகிற வேலையில் அது நன்றாகவே கைகொடுத்தது. படகு விஷயத்தில் தோற்றது. காரணம் எளிது. வீடு கட்ட அரசு நிலம் வேண்டும், அரசோடு ஒப்பந்தம் வேண்டும். படகு கொடுக்க ஒன்றுமே வேண்டாம். பட்டறையில் காசைக் கட்டி, லாரியில் ஏற்றி, கரையில் இறக்கினால் முடிந்தது.

எங்கள் ஊரில் எங்களையும் சேர்த்து மூன்று அமைப்புகள் படகு கொடுக்க முன்வந்தன. ஒருவருக்கொருவர் எண்ணிக்கை சொல்லிக்கொள்ளவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. கேட்கவும் இல்லை, அவ்வளவுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பிப்ரவரியில் நான்கு முடிவுகள் எடுத்தோம். ஒவ்வொன்றும் அப்போது சரியாகத்தான் பட்டது.

படகு கொடுப்பது என்பது முதல் முடிவு. ஊரும் அதைத்தான் கேட்டது. 'படகு இருந்தா எங்க சோத்த நாங்க பாத்துக்குவோம்' என்று கூட்டத்தில் சொன்னார்கள், நாங்களும் எழுதிக்கொண்டோம். அந்தக் கூட்டத்தில் 60 ஆண்கள் இருந்தார்கள். பெண்கள் வெளியே நின்றார்கள்.

கட்டுமரம் இல்லை, ஃபைபர் என்பது இரண்டாவது. இது முக்கால்வாசி எங்கள் முடிவு. 'முன்பு இருந்ததைவிடச் சிறப்பாக' என்பதுதான் அந்த ஆண்டு எல்லோர் வாயிலும். ஐ.நா.வின் சுனாமி மீட்புத் தூதராக இருந்த கிளின்டன் தொடங்கி எங்கள் திட்ட அறிக்கைவரை அந்த வாசகம் இருந்தது. கட்டுமரத்தைத் திருப்பிக் கொடுப்பது, பணம் கொடுத்தவர்கள் கண்ணுக்கு, ஏழையை ஏழையாகவே வைத்திருப்பது மாதிரி தெரிந்தது. இளைஞர்களும் ஃபைபர்தான் கேட்டார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வரிசையாக நிற்கும் வெள்ளை நீலப் படகுகள் போட்டோவில் நன்றாக இருக்கும். நான்கு கட்டையைச் சேர்த்துக் கட்டிய மரம் அப்படி இருக்காது.

மூன்றாவது, ஊர்ப் பஞ்சாயத்தார் கொடுத்த பட்டியலை அப்படியே ஏற்றுக்கொண்டது. அந்தக் கரையில் பஞ்சாயத்தைத் தாண்டி எதுவும் நடக்காது, நடக்கவும் கூடாது என்பது என் எண்ணம். அலை வந்த அன்று பிணங்களை எடுத்ததும் அவர்கள்தான், அரிசியை அளந்து கொடுத்ததும் அவர்கள்தான். அவர்கள் கணக்கில் அலகு தலைக்கட்டு. கல்யாணம் ஆன, ஊருக்கு வரி கட்டுகிற ஆண். எது வந்தாலும் தலைக்கட்டுக்குச் சமமாகப் பிரிப்பார்கள். யாருக்கு அதிகம் போனது என்று கேட்டால் ஊருக்கு வந்தது ஊருக்கெல்லாம் என்பார்கள். வெளியிலிருந்து வரும் எந்த அளவுகோலையும்விட இது சண்டை இல்லாத முறை. ஆனால் கணவனை இழந்தவளுக்கு அந்தக் கணக்கில் அரை வரி, அரைப் பங்கு. அலைக்குப் பிறகு ஊரில் அப்படி 43 பெண்கள் இருந்தார்கள். மேற்குத் தெருவின் 40 குடும்பங்கள் கணக்கிலேயே இல்லை. இது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. 'முதல் கட்டம் முடியட்டும், அப்புறம் அவர்களுக்குத் தனியாகப் பார்க்கலாம்' என்று குறிப்பு எழுதி வைத்தோம். அந்த 'அப்புறம்' என் கையெழுத்து.

நான்காவது, ஒரு படகு நான்கு பேருக்குக் கூட்டாக என்று கொடுத்தது. இது பணம் கொடுத்த அமைப்பின் நிபந்தனை. முன்பு படகு இல்லாமல் அடுத்தவர் படகில் கூலிப் பங்குக்குப் போனவரும் இனி சொந்தக்காரர் ஆகட்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

படகு, நீள்வால் டீசல் இன்ஜின், வலை எல்லாம் சேர்த்து ஒரு செட் 1,40,000 ரூபாய். 60 செட் அனுமதி. இரண்டு தவணையாக, 30, 30.

முதல் 30 படகுகள்

ஏப்ரலில் ஆரம்பித்து ஜூலைக்குள் முப்பதும் வந்து சேர்ந்தன. பொட்டு வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்து இறக்கினோம். ஐரோப்பாவிலிருந்து இரண்டு பேர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

பட்டறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலைக்கு முன் அந்தச் சாலையில் படகு வார்க்கும் இடங்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. 2005 மத்தியில் எங்கு பார்த்தாலும் கொட்டகை, எங்கு பார்த்தாலும் பிசின் வாடை. நாங்கள் காசு கட்டிய பட்டறையில் மே மாதம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். அச்சில் மெழுகு தடவி, வண்ணப் பூச்சு அடித்து, அதன் மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்துப் பிசினை உருளையால் தேய்க்கிறார்கள். ஒரு பாய் காய்ந்து இறுகிய பிறகு அடுத்தது. எத்தனை பாய் போடுகிறார்கள், எவ்வளவு நேரம் இறுக விடுகிறார்கள் என்பதில்தான் படகின் ஆயுள் இருக்கிறது. வெளியே லாரி நிற்கிறது, இன்னும் மூன்று அமைப்புகளின் ஆட்கள் திண்ணையில் காத்திருக்கிறார்கள். மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, 'எல்லாரும் நாளைக்கே வேணுங்கிறீங்க சார், பிசினுக்கு அது தெரியுமா?' என்றார். நான் அதை ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பரில் எங்கள் முப்பதில் ஒன்பது படகுகளில் அடிப்பகுதியில் விரிசல். கரை ஏற்றி இழுக்கும்போது மணல் தேய்த்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. ஒன்றை அறுத்துப் பார்த்தோம். தரைக்குக் கீழே மிதப்புக்காக அடைத்திருக்க வேண்டிய தெர்மோகோல் பாதிதான் இருந்தது. கவிழ்ந்திருந்தால் அந்தப் படகு மிதந்திருக்காது. எங்கள் படகுகளில் யாருக்கும் உயிர்ச் சேதம் இல்லை. அதற்கு நாங்கள் காரணம் இல்லை.

கரையில் கண்டது

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை. கூட்டங்கள் போட்டு ஓய்ந்துபோய் கரையில் சும்மா நடந்துகொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வாடி (கரைக் கொட்டகை) நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். அவர் எங்கள் பட்டியலில் இருந்தவர்தான், நால்வரில் ஒருவர். அன்று ஏன் தொழிலுக்குப் போகவில்லை என்று கேட்டேன்.

'ஆள் இல்ல தம்பி.'

'நாலு பேர் இருக்கீங்களே ஐயா.'

'ஒருத்தன் அலைக்கப்புறம் கடல் பக்கமே வரமாட்டேங்கிறான். ஒருத்தன் அண்ணன் படகுக்குப் போயிட்டான், அவருக்கு ஆள் இல்லைன்னு. நானும் அந்தப் பையனும்தான். ரெண்டு பேரு இத தள்ள முடியுமா?' ஊசியை வைத்துவிட்டுக் கரையைக் காட்டினார். 'எங்க தெரு ஆளுங்களுக்கு 19 படகு நிக்குது. தொழிலுக்குப் போற ஆம்பள 34 பேரு. நீங்க படிச்சவங்க, கணக்கு போட்டுக்குங்க.'

அப்புறம் சொன்னார்: 'எனக்கு மரம் இருந்தாப் போதும்னுதான் அன்னைக்கே சொன்னேன். யாரும் எழுதல.'

மரத்துக்கும் ஃபைபருக்கும் உள்ள வித்தியாசம் வேகம் மட்டும் இல்லை என்பது அன்று காலைதான் எனக்கு உறைத்தது. மரம் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக்கி இரண்டு பேர் தோளில் தூக்கி மேலே போட்டுவிடலாம். மரமும் காய வேண்டும். ஃபைபரை அவிழ்க்க முடியாது. தள்ள எட்டுப் பத்து பேர் வேண்டும், இல்லாவிட்டால் டிராக்டர் வேண்டும். ஊரில் ஒருவர் ஏற்கனவே டிராக்டர் வாங்கி, ஒரு தள்ளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கத் தொடங்கியிருந்தார். டீசல் வேறு. மரத்தில் பாடு (மீன் வரத்து) இல்லாத நாள் வெறும் கையோடு வந்தால் நஷ்டம் உழைப்பு மட்டும்தான். ஃபைபரில் பாடு இல்லாத நாள் கடன்.

அடுத்த மூன்று நாள் நானும் இரண்டு களப்பணியாளர்களும் கரையில் நின்று எண்ணினோம். எங்கள் 30, இன்னொரு அமைப்பின் 35, மூன்றாவது அமைப்பின் 24, அரசு இழப்பீட்டில் வாங்கியவை 19, பழுதுபார்த்த பழையவை 14. மொத்தம் 122 ஃபைபர். படகுக்கு நான்கு பேர் என்றால் 488 பேர் வேண்டும். கடலுக்குப் போகத் தயாராக இருந்தவர்கள் 230. மூன்று காலையிலும் கடலில் இருந்த படகுகள் ஒரு நாள்கூட 60-ஐத் தாண்டவில்லை. இலங்கையிலும் இந்தோனேசியாவின் ஆச்சேயிலும் இதே மாதிரி படகுகள் குவிந்தன என்பதைப் பின்னால் அறிக்கைகளில் படித்தேன்.

கூட்டு உடைமை நாங்கள் நினைத்ததற்கு நேரெதிராக வேலை செய்தது. முன்பு கூலிப் பங்குக்குப் போனவர் இப்போது சொந்தக்காரர், அதனால் அடுத்தவர் படகில் ஏறுவது கௌரவக் குறைச்சல். எல்லோரும் முதலாளி, ஆள் யாரும் இல்லை. இன்ஜின் கெட்டால் யார் காசு போடுவது என்பதில் நான்கு பேரும் முறைத்துக்கொண்டார்கள். ஜூலைக்குள் கொடுத்த படகுகளில் ஆறு, ஆகஸ்டுக்குள் ஒருவர் கைக்குப் போய்விட்டன. மற்ற மூவருக்குத் தலைக்கு 15,000, 20,000. அதை வாங்கிக்கொண்டு ஒருவர் நாகைத் துறைமுகத்தில் லாஞ்சுக்கு (பெரிய இயந்திரப் படகுக்கு) ஆளாகப் போனார். பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார், நடுவில் எங்கள் அறிக்கையில் மட்டும் சில மாதம் படகுச் சொந்தக்காரராக இருந்தார்.

பெண்களின் நிலை வேறு. அலைக்குப் பிறகு மூன்று மாதம் ஊர் உலகத்தில் யாரும் மீன் வாங்கவில்லை, பிணம் தின்ற மீன் என்று பயம். கையில் இருந்த முதல் கரைந்துவிட்டது. மீன் பாடு திரும்பியபோது ஏலத்தில் கேட்க அவர்களிடம் காசு இல்லை. வெளியூர் வியாபாரி மொத்தமாக எடுத்துக்கொண்டு வேனில் ஏற்றினார். ஊரில் 84 பெண்கள் கூடை தூக்கி மீன் விற்றவர்கள். ஆகஸ்டில் கரைக்கு வந்தவர்கள் 20 பேர்கூட இருக்கமாட்டார்கள்.

நிறுத்தியது

செப்டம்பர் முதல் வாரம் அலுவலகத்தில் எண்ணிக்கையை வைத்தேன். இரண்டாம் தவணை 30 படகுகளுக்கு முன்பணம் போயிருந்தது, எட்டு ஏற்கனவே வார்த்தாகிவிட்டது. இரண்டு கருத்துகள். ஊருக்குக் கொடுத்த வாக்கு, மீற முடியாது என்றார் எங்கள் கணக்காளர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்னும் 30 படகு இறக்கினால் முதல் முப்பதையும் சேர்த்துக் கெடுக்கிறோம் என்பது என் கட்சி. எட்டை எடுத்துக்கொள்வது, 22-ஐ நிறுத்துவது என்று முடிவாயிற்று.

பணம் கொடுத்த அமைப்புக்கு எழுதினோம். பத்து நாள் கழித்து மரியாதையான பதில் வந்தது. சுனாமி நிதி 'படகு' என்ற தலைப்பில் திரட்டப்பட்டது. 2006 மார்ச்சுக்குள் செலவாக வேண்டும். 22 படகுகளின் 30,80,000 ரூபாயில் 18 லட்சத்தை வேறு தலைப்புக்கு மாற்றலாம், மீதியைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் கடிதம் எழுதிய பெண்மணியும் தன் மேலதிகாரிகளிடம் போராடித்தான் 18 லட்சம் வாங்கித் தந்தார் என்பது பிறகு தெரிந்தது. எங்கோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உண்டியலில் சேர்த்த காசு, ஒரு படகுப் படம் போட்ட நோட்டீஸைப் பார்த்துக் கொடுத்தது. அதை மீன்காரப் பெண்களுக்குக் கடனாகக் கொடுத்தோம் என்று அந்தப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்பது அவர் கவலை.

நாங்கள் செய்த பெரிய தவறு இதற்கு அடுத்து. ஊருக்குச் சொல்வதற்கு முன் அந்த அமைப்புக்கு எழுதினோம். பட்டறைக்காரர் வழியாகச் செய்தி ஊருக்கு முதலில் போய்விட்டது.

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரம் நிற்க வைத்துப் பேசினார்கள். உட்காரச் சொல்லவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் குரலை உயர்த்தாமல் கேட்டார்: 'எங்க பொணத்தக் காட்டி வாங்குன காசு. வேணும் வேணாம்னு நாங்கதான் சொல்லணும். நீங்க யாரு நிறுத்துறதுக்கு?' 122 படகு, 230 ஆள் என்று நான் கணக்குச் சொன்னேன். 'படகு நிக்கட்டும். வித்துக்கிறோம். வலை வாங்கிக்கிறோம். வீட்டுக்குப் போட்டுக்கிறோம். அது எங்க பாடு' என்றார். பின்னால் நின்ற ஒருவர், காசாகக் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லையே என்றார். என்னிடம் பதில் இல்லை. மூன்று வாரம் எங்களை ஊருக்குள் விடவில்லை.

அன்று அந்த மண்டபத்தில் அவர் கேட்டதை நான் நியாயமற்றதாக இன்றும் நினைக்கவில்லை. கணக்கு என் பக்கம் இருந்தது, உரிமை அவர் பக்கம்.

அதன் பிறகு

அக்டோபரில் சமாதானம் ஆனது. எட்டுப் படகுகளை ஊர் விருப்பப்படி ஒற்றை ஆள் பெயரில் கொடுத்தோம், கூட்டு இல்லை. 18 லட்சத்தை மூன்றாகப் பிரித்தோம்.

9 லட்சம் மீன் விற்கும் பெண்களுக்கு. 84 பேருக்கும் தலைக்கு 8,000 சுழல்கடன், மீதியில் அன்னக்கூடையும் ஐஸ் பெட்டியும். ஐஸ் பெட்டியில் பாதி தண்ணீர் பிடித்து வைக்கப் போய்விட்டது, தற்காலிகக் குடியிருப்பில் வேறு என்ன செய்வார்கள். கடன் வேலை செய்தது. கையில் காசு இருந்ததால் ஏலத்தில் வியாபாரிக்கு எதிராக நான்கைந்து பெண்கள் சேர்ந்து கேட்கத் தொடங்கினார்கள். கந்து வட்டிக்காரர் காலையில் நூறுக்குத் தொண்ணூறு கொடுத்து மாலையில் நூறாக வாங்கிக்கொண்டிருந்த தொழில் அந்தக் கரையில் ஒரு வருடம் படுத்துவிட்டது. 43 விதவைகளில் 29 பேர் இந்தக் குழுக்களில் இருந்தார்கள். பஞ்சாயத்து முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. 'பொம்பளைங்க காசுதானே' என்று அதைச் சின்ன விஷயமாக நினைத்ததால்தான் விட்டார்கள் என்று ஒரு அக்கா பின்னாளில் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

5 லட்சம் பழுதுபார்க்க. விரிசல் விட்ட படகுகளுக்கு மறுபடி பாய் ஒட்டி, ஊர்ப் பையன்கள் ஆறு பேருக்கு இன்ஜின் வேலையும் ஒட்டு வேலையும் கற்றுக் கொடுத்தோம். அந்த ஆறு பேரில் இருவர் இன்றும் அதே வேலையில் இருக்கிறார்கள்.

4 லட்சம் மேற்குத் தெருவுக்கு. உப்பேறிய வயல்களில் மணலை அள்ளி வாய்க்கால் தூர் வாரக் கூலி. அந்த வருட வடகிழக்கு மழை கொட்டித் தீர்த்ததில் நவம்பரில் வேலை நின்றது, வாரிய வாய்க்காலில் பாதி மூடிக்கொண்டது. ஜனவரியில் மறுபடி ஆரம்பித்து மார்ச்சில் முடித்தோம். அவர்களுக்கு அதுதான் வந்த ஒரே உதவி என்று சொல்வார்கள். அது முடிந்தபோது அலை வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

2007 ஜூனில் எண்ணியபோது எங்கள் 38-ல் தொழிலுக்குப் போனவை 17. பதினொன்று விற்கப்பட்டிருந்தன. ஆறில் இன்ஜினை மட்டும் கழற்றி விற்றுவிட்டு ஓடு கரையில் கிடந்தது. மீதி நான்கு பழுதாகி ஒதுக்கியவை. ஒற்றை ஆள் பெயரில் கொடுத்த எட்டில் ஆறு ஓடிக்கொண்டிருந்தன என்பதைத் தனியாகக் குறித்தோம்.

2010-ல் போனபோது கரையே வேறு. சின்னப் படகுகள் பல போய், சில குழுக்கள் படகு விற்ற காசையும் கடனையும் சேர்த்துச் சுருக்குமடி வலையில் (மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கும் பெரிய வலை) இறங்கியிருந்தன. தமிழ்நாட்டில் 2000-லேயே தடை செய்த வலை அது. ஒரு வலைக்கு முப்பது நாற்பது பேர் சேருகிறார்கள். நாங்கள் நான்கு பேரைச் சேர்க்க முடியாமல் திணறிய ஊரில், அவர்களே நாற்பது பேர் சேர்ந்து பங்கு எழுதிக்கொண்டிருந்தார்கள், ஆனால் அவர்கள் தேர்ந்த தொழிலுக்கு, அவர்கள் தேர்ந்த ஆட்களோடு. இந்த வலையால் பக்கத்து ஊர்களோடு வந்த சண்டை தனிக்கதை.

வாடி நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர், அலை ஒதுக்கிய பழைய கட்டைகளை எங்கிருந்தோ தேடி எடுத்து மரம் கட்டிக்கொண்டிருந்தார் என்று சொன்னார்கள். அவர் 2009-ல் இறந்துவிட்டார்.

இன்று செய்வதானால்

முதலில் படகை எண்ணமாட்டேன், ஆளை எண்ணுவேன். அலைக்கு மறுமாதம் கடலுக்குப் போகத் தயாராக இருக்கும் ஆண்கள் எத்தனை பேர், ஏலத்துக்கு வரத் தயாராக இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று இரண்டே கேள்வி. மூன்று நாள் வேலை அது. ஆகஸ்டில் செய்ததைப் பிப்ரவரியில் செய்திருக்கலாம். மற்ற இரண்டு அமைப்புகளின் கதவைத் தட்டி உங்கள் எண்ணிக்கை என்ன என்று கேட்டிருக்கலாம். வெட்கம்தான் தடுத்தது என்றால் நம்பமாட்டீர்கள்.

காசாகக் கொடுப்பது பற்றி. மண்டபத்தில் அந்த மனிதர் கேட்டது இன்று உலகம் முழுவதும் நிவாரணத் துறையில் சாதாரணப் பேச்சு. அன்று காசு கொடுத்தால் குடித்து அழித்துவிடுவார்கள் என்று நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். இன்று செய்தால் பாதியையாவது காசாகக் கொடுப்பேன். ஆனால் தலைக்கட்டுக் கணக்கில் காசு கொடுத்தாலும் விதவைக்கு அரைப் பங்குதான் போயிருக்கும், மேற்குத் தெருவுக்கு அதுவும் இல்லை. காசு பட்டியலைச் சரி செய்யாது. பஞ்சாயத்தோடு சண்டை போடாமல், முதல் நாளே இன்னொரு பட்டியலைப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். 'அப்புறம்' என்று எழுதியிருக்கக் கூடாது.

பட்டறையில் ஒரு நாள் இல்லை, ஒருவர் முழுநேரமாக உட்கார வேண்டும். அச்சிலிருந்து எடுத்த முதல் படகை அறுத்துப் பார்க்க வேண்டும். 1,40,000 ரூபாயை வெட்டி எறிவதா என்று கேட்பார்கள். ஒன்பது படகு விரிசல் விட்டதைவிட மலிவு.

நிறுத்துவதானால் ஊரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அங்கிருந்துதான் கடிதம் எழுத வேண்டும், முடிந்தால் அவர்கள் கையெழுத்தோடு. நிறுத்தியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். நிறுத்திய விதம் சரியில்லை.

2010-ல் அந்தத் தலைவரைப் பார்த்தேன். பதவியில் இல்லை, உடம்பு தளர்ந்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார். ஊர்க் கதையெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்.

'அன்னைக்குத் திருப்பி அனுப்புனீங்களே தம்பி, பன்னெண்டு லட்சத்துச் சொச்சம். அது என்ன ஆச்சு?'

'கொடுத்தவங்களுக்கே போயிடுச்சுங்க.'

'அவங்க யாருக்குக் குடுத்தாங்க?'

தெரியவில்லை என்றேன். 'விசாரிச்சுச் சொல்லுங்க' என்றார். நான் எழுதிக் கேட்டேன். அந்த நிதிக் கணக்கு 2006-லேயே முடிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது.